அப்பாவின் வயதை ஆதார் அட்டையில் பார்க்காதீர்கள்

அறுபதைத் தாண்டிய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்று டாக்டர் அறை வாசலில் நின்றபடி பேசிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு,



மகன், மகள், மருமகள், மருமகன், நள்ளிரவில் வீடியோ காலில் வரும் வெளிநாட்டு அண்ணன் என்று எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. நான் டாக்டர் இல்லை. டாக்டர் சொன்னதை வெளியே வந்து நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று கேட்கிற இடத்தில் இருப்பவள்.

அங்கே அடிக்கடி காதில் விழுபவை இரண்டு. "அவருக்கு வயசாயிடுச்சு மேடம், இனிமே போட்டுப் படுத்த வேணாம்னு பாக்கறோம்" என்பது ஒன்று. "எங்கப்பா அஞ்சு மணிக்கே எழுந்து வாக்கிங் போறவரு, எதையும் தாங்குவாரு" என்பது மற்றொன்று. முதலாமவர் பிறந்த தேதியைப் பார்த்துப் பேசுகிறார். அடுத்தவர் பத்து வருஷத்துக்கு முந்தைய அப்பாவை நினைத்துப் பேசுகிறார். இன்றைக்கு வார்டில் படுத்திருக்கும் மனிதரை இரண்டு பேருமே அளந்து பார்க்கவில்லை. அளந்து பாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

வயதைக் காட்டி மறுக்கும் வழக்கம் சும்மா வந்ததில்லை. அமெரிக்காவில் டாக்டர் டொனால் தாமஸ், மஜ்ஜையை ரத்தக் குழாய் வழியே ஏற்றிப் பார்த்த முதல் முயற்சியை 1957-இல் எழுதினார். ஆறு நோயாளிகள். ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. அதே மனிதருக்கு 1990-இல் நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில்தான் இந்தச் சிகிச்சை நிலைபெற்றது. நம் நாட்டில் மும்பை டாட்டா மருத்துவமனை 1983-இலும் வேலூர் சி.எம்.சி. 1986-இலும் தொடங்கின. அன்றைய முறை முரட்டு முறை. பழைய மஜ்ஜையை அடியோடு அழிக்க, உடம்பு தாங்கும் எல்லைவரை கதிர்வீச்சும் கீமோவும் கொடுப்பார்கள். குடல், கல்லீரல், நுரையீரல் எல்லாமே அதில் அடி வாங்கும். இருபது வயதுக்காரர்களே திணறினார்கள். அதனால் ஐம்பதை ஒட்டி ஒரு கோடு கிழித்து, அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துக்கு அது நியாயமான கோடு.

தொண்ணூறுகளின் கடைசியில் கணக்கு மாறியது. ஹூஸ்டன், ஜெருசலேம், சியாட்டில் ஆகிய இடங்களில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரு யோசனை செயலுக்கு வந்தது: நோயை முழுக்கக் கீமோவால் கொல்ல வேண்டியதில்லை; கொடையாளரின் அணுக்கள் உள்ளே வேர் பிடிக்கிற அளவுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், மிச்ச நோயை அந்தப் புதிய நோய் எதிர்ப்பு அணுக்களே தேடி அழிக்கும். சியாட்டிலில் இதற்கு அடித்தளம் நாய்களில் பல காலம் செய்த ஆராய்ச்சி. 'மினி ட்ரான்ஸ்பிளான்ட்' என்று வார்டில் சொல்வது இதைத்தான். பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். கீமோ மட்டும்தான் மினி. தொற்றும், புதிய அணுக்கள் உடம்பையே எதிரியாகப் பார்க்கும் ஜி.வி.எச்.டி.யும் முழு அளவிலேயே வரலாம்.

இதனால் வயதானவர்களுக்கு என்ன கிடைத்தது? 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், 60 முதல் 75 வயதுவரை இந்தக் குறைந்த அளவு முறையில் சிகிச்சை பெற்ற 372 பேரைப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 35 சதவீதம். வயது வாரியாகப் பிரித்தால் 60-64இல் 38, 65-69இல் 33, எழுபதும் அதற்கு மேலும் 25. இந்த இறக்கத்தை உறுதியான வித்தியாசம் என்று சொல்லப் புள்ளியியல் இடம் கொடுக்கவில்லை. ஆனால் கூடவே வேறு நோய்கள் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நடுவே இருந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்று 2021-இல் வந்தது. எம்.டி.எஸ். என்னும் மஜ்ஜைக் கோளாறு முற்றிய நிலையில் இருந்த 50-75 வயதுக்காரர்கள் 384 பேர். பொருத்தமான கொடையாளர் கிடைத்தவர்களில் மூன்று ஆண்டு கழித்து இருந்தவர்கள் 47.9 சதவீதம், கிடைக்காதவர்களில் 26.6. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கும் இந்த ஆதாயம் இருந்தது. இந்த எண்களை உற்சாகமூட்டச் சொல்லவில்லை. கொடையாளர் கிடைத்தவர்களிலும் பாதிப் பேர் மூன்றாண்டைப் பார்க்கவில்லை. ஆனால் "இந்த வயசுல பலனே இருக்காது" என்று யாராவது சொன்னால், அது உண்மையில்லை என்று சொல்ல இது போதும்.

இனி, வயதாவது என்றால் மஜ்ஜைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருகிறேன்.

இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: நூறிலிருந்து வயதைக் கழித்தால் வருவது, மஜ்ஜையில் ரத்த அணுக்கள் இருக்க வேண்டிய சதவீதம். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது. மீதி கொழுப்பு. இது நோயல்ல, எல்லோருக்கும் நடப்பது. மிச்சமிருக்கும் தாய் அணுக்களான ஸ்டெம் செல்களும் பழையபடி வேலை செய்வதில்லை. பிரியும் ஒவ்வொரு முறையும் குரோமோசோம் நுனிகளில் உள்ள டெலோமியர் தேய்கிறது. மரபணுவில் சின்னச் சின்னப் பிழைகள் சேர்கின்றன. ஏதோ ஒரு ஸ்டெம் செல்லுக்கு டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் பிழை விழுந்து, அதனாலேயே மற்றவற்றைவிட வேகமாகப் பெருகி, ரத்தத்தில் ஒரு பங்கை அதன் வாரிசுகளே பிடித்துக்கொள்வதும் உண்டு. எழுபதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரிடம் இப்படி இருப்பதை 2014-இல் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் கிடையாது. பெரும்பாலோருக்கு வரப்போவதும் இல்லை. ஆனால் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். மாரடைப்புக்கான வாய்ப்பும் கூடுதல்.

இந்தத் தேய்மானம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை என்பதுதான் விஷயம். ஒரே வருஷம் பிறந்த இரண்டு பேரில் ஒருவரது உடம்பு ஐம்பத்தைந்து போலவும் மற்றவரது எழுபத்தைந்து போலவும் இருக்கும். புகை, சர்க்கரை, முன்பு எடுத்த கீமோ, பரம்பரை, வாழ்நாள் வறுமை எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அதை எப்படி அளப்பது? 'உங்கள் உண்மையான வயது' என்று விளம்பரம் செய்து விற்கும் பரிசோதனைகளுக்குப் பணம் கட்டாதீர்கள். இந்த முடிவுக்கு அவை உதவாது. டாக்டர்கள் கையில் அதைவிட மலிவான, நம்பகமான கருவிகள் இருக்கின்றன.

முதலாவது ஒரு மதிப்பெண் பட்டியல். சியாட்டிலில் டாக்டர் முகமது சொரோர் 2005-இல் உருவாக்கியது. இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை, மன அழுத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. புள்ளி கூடக்கூட சிகிச்சையாலேயே இறக்கும் அபாயம் கூடும். 2014-இல் அதில் வயதையும் சேர்த்தார்கள். எவ்வளவு தெரியுமா? நாற்பதோ அதற்கு மேலோ என்றால் ஒரு புள்ளி. அவ்வளவுதான். மாத்திரை போட்டாக வேண்டிய சர்க்கரை நோய்க்கும் ஒரு புள்ளி. இதய வால்வுக் கோளாறுக்கு மூன்று. நுரையீரல் வெகுவாகக் கெட்டிருந்தால் மூன்று. உங்கள் வீட்டில் நாற்பத்தைந்து வயது அண்ணன் சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொண்டு இருந்தால், அந்தப் பட்டியலில் அவர், எந்த நோயும் இல்லாத அறுபத்தெட்டு வயது அப்பாவைவிட ஒரு புள்ளி மோசம்.

இரண்டாவது கருவி ஒரு நடைபாதை. தரையில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு இடத்தில் டேப் ஒட்டியிருப்பார்கள். வழக்கமாக நடப்பதுபோல் நடக்கச் சொல்லி, நேரத்தைக் குறிப்பார்கள். பாஸ்டனில் ரத்தப் புற்றுநோய் உள்ள, 75 வயது தாண்டியவர்களிடம் செய்த ஆய்வில், நடை வேகம் குறையக் குறைய இறப்பும் எதிர்பாராமல் ஆஸ்பத்திரியில் சேர்வதும் கூடியது தெரிந்தது. டாக்டர்களின் கண் மதிப்பீடு தவறவிட்டதை நடை காட்டிக்கொடுத்தது.

இந்தச் சோதனை எங்கள் காரிடாரில் நடக்கும்போது பாருங்கள். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நிற்பார். மகள் ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொள்வார். பிசியோதெரபிஸ்ட் "விட்டுடுங்க மா" என்பார். மகள் விடுவார், இரண்டடி போனதும் கை தானாக மறுபடி போகும். மூன்றாவது முறைதான் சோதனை நடக்கும். அந்த மகளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அவர் கை பட்டால் வருவது அப்பாவின் வேகமல்ல.

மூன்றாவது கருவியில் நம் வீடுகள் இன்னும் பெரிய குழப்பம் செய்கின்றன. தானே மாத்திரையைப் பிரித்துப் போட்டுக்கொள்கிறாரா, கடைக்குப் போகிறாரா, பணக் கணக்கு பார்க்கிறாரா, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துப் போய்வருகிறாரா, போன் பேசுகிறாரா என்று கேட்பார்கள். சிகாகோவில் ஐம்பது வயதும் அதற்கு மேலும் ஆன மாற்றுச் சிகிச்சை நோயாளிகளிடம் பார்த்தபோது, இந்த அன்றாட வேலைகளில் தடுமாற்றம் இருந்தவர்கள் குறைவாகவே பிழைத்தார்கள். இங்கே இதே கேள்விகளைக் கேட்டால், "அதெல்லாம் நாங்க செய்ய விடறதே இல்ல மேடம்" என்று பெருமையாகச் சொல்வீர்கள். மாத்திரை எடுத்துக் கொடுப்பது மருமகள். பேங்க் வேலை மகன். அவர் செய்வதில்லையா, அவரால் செய்ய முடியவில்லையா என்பதே மறைந்துபோகிறது. அம்மாக்கள் விஷயத்தில் கதை தலைகீழ்: பேங்குக்கே போனதில்லை, ஆனால் பதினைந்து பேருக்குத் தனியாகச் சமைப்பார். ஆகவே கேள்வித்தாளை நிரப்பும் முன் ஒரு வாரம் வீட்டில் சும்மா கவனித்துவிட்டு வாருங்கள். மாத்திரை டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

இதுவரை சொன்னது நோயாளியின் வயது. மேஜைமேல் இன்னொரு வயதும் இருக்கிறது; அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. கொடையாளரின் வயது.

கூடப் பிறந்த ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்பாவுக்கு அறுபத்தைந்து என்றால் பெரியப்பாவுக்கு எழுபது. பெரியப்பா பொருந்திவிட்டார் என்றதும் குடும்பமே நிம்மதியாகிவிடும். ஆனால் மேலே சொன்ன தேய்மானமெல்லாம் அவர் மஜ்ஜையிலும் நடந்திருக்கும். ஊசி போட்டு ஸ்டெம் செல்லை ரத்தத்துக்குக் கொண்டுவரும்போது வயதானவர்களிடம் குறைவாகத்தான் கிடைக்கும். அமெரிக்கக் கொடையாளர் பதிவேட்டின் மூலம் உறவல்லாத கொடையாளரிடம் பெற்றவர்களை ஆராய்ந்து 2016-இல் எழுதிய கட்டுரையில், கொடையாளர் வயது ஒவ்வொரு பத்தாண்டு கூடும்போதும் நோயாளி இறக்கும் அபாயம் 5.5 சதவீதம் கூடுவதைக் கண்டார்கள். நூறு பேரில் கூடுதலாக ஐந்தரைப் பேர் இறப்பார்கள் என்று இதைப் படித்துவிடாதீர்கள். ஏற்கெனவே உள்ள அபாயத்தின் மேல் அந்த அளவு ஏற்றம், அவ்வளவே. இருந்தாலும் இருபத்தைந்துக்கும் எழுபதுக்கும் நடுவே நாலரைப் பத்தாண்டு இருக்கிறது. மஜ்ஜையே செயலிழக்கும் அப்ளாஸ்டிக் அனீமியா என்ற நோயில், டெலோமியர் நீளமாக இருந்த கொடையாளரின் அணுக்களைப் பெற்றவர்கள் கூடுதலாகப் பிழைத்தார்கள் என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

என்னை வெகுநாள் யோசிக்க வைத்தது வேறொரு செய்தி. ஸ்டீவ் ஹோர்வாத் என்னும் ஆய்வாளர் 2013-இல், டி.என்.ஏ.மேல் 353 இடங்களில் உள்ள வேதிக் குறிகளைப் படித்து வயதைக் கணிக்கும் முறையைக் கொடுத்தார். மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் இதைப் போட்டுப் பார்த்தார்கள். பதினேழு ஆண்டு கழித்தும் அந்த ரத்தம் காட்டியது கொடையாளரின் வயதைத்தான். மகளிடம் அணுக்கள் பெற்ற அப்பாவின் ரத்தக் குழாய்களில் மகளின் வயதே ஓடுகிறது. எலும்புக்குள் அந்த அணுக்கள் குடியிருக்கும் திசு மட்டும் அவருடைய பழைய திசுவாகவே இருந்துவிடுகிறது.

மகள் முழுதாகப் பொருந்தமாட்டாளே என்பீர்கள். பிள்ளைகள் எல்லோரும் பாதி பொருத்தம், 'ஹாஃப் மேட்ச்'. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள், அணுக்களை ஏற்றிய மூன்றாம் நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு என்ற கீமோ மருந்தைக் கொடுத்தால் சண்டைக்காரச் செல்கள் பெருமளவு அடங்கிவிடும் என்று காட்டிய பிறகு, உலகெங்கும் பாதி பொருத்தம் வழக்கத்துக்கு வந்துவிட்டது. முழுப் பொருத்தமுள்ள வயதான அண்ணனா, பாதிப் பொருத்தமுள்ள இளைய மகளா என்பதில் டாக்டர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. நோயின் வகையைப் பொறுத்தும் மாறும். நான் கேட்பது, இருவர் பெயரும் மேஜைக்கு வரட்டும் என்பதுதான்.

இங்கே ஒரு கசப்பையும் சொல்லியாக வேண்டும். பொருத்தம் பார்க்கும் எச்.எல்.ஏ. டெஸ்டுக்கு யார் வருவது என்று பேசும்போது மகன்களின் பெயர் தயங்கித் தயங்கி வரும். "அவனுக்கு வேலை இருக்கு" என்பார்கள். கல்யாணமான மகள் முன்வந்தால் மாமியார் வீட்டில் கேட்க வேண்டும் என்பார்கள். எலும்பை அறுத்து எடுப்பார்கள், பிள்ளை பிறக்காது என்று அத்தைமார் கிளப்பிவிடும் பயம் வேறு. பெரும்பாலும் நடப்பது இவ்வளவு: நாலைந்து நாள் ஊசி, அதனால் இடுப்பிலும் முதுகிலும் குடைச்சல், பிறகு இரண்டு கையிலும் குழாய் போட்டு நாலைந்து மணி நேரம் மெஷின் பக்கத்தில் படுக்கை. அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். அம்மா நோயாளி என்றால் ஒரு கூடுதல் சோதனை கேளுங்கள். பிரசவங்களின்போது பிள்ளைகளின் திசுவுக்கு எதிராக அம்மாவின் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) உருவாகியிருக்கலாம். அதிகமாக இருந்தால் அந்தப் பிள்ளையின் அணுக்கள் ஒட்டாமல் போகலாம். இன்னொரு பிள்ளையைப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் யாரும் ஒத்துவரவில்லை என்றால் பதிவேடுகள். சென்னையில் 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்றவற்றில் ஒரு நம்மூர்க்காரருக்குப் பொருத்தம் கிடைப்பது, நம்மூர் இளைஞர்கள் எத்தனை பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் அப்பாவுக்குக் கிடைக்காமல் போகலாம். போனாலும் நீங்கள் பெயர் கொடுத்துவிட்டு வாருங்கள், முப்பது வயதாகும் முன்.

சிகிச்சை நன்றாக முடிந்த வீடுகளுக்கும் ஒரு எச்சரிக்கை. அணுக்கள் இளையவை என்பதால் அப்பா இளைஞராகிவிட மாட்டார். கீமோ, ஸ்டீராய்டு, படுக்கை, தொற்று எல்லாம் சேர்ந்து மற்ற உறுப்புகளின் வயதை ஏற்றிவிடும். 2016-இல் வந்த ஆய்வில் 18 முதல் 64 வயதுவரை மாற்றுச் சிகிச்சையில் பிழைத்தவர்களை அவர்கள் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். தளர்ந்து மெலிந்த முதுமை நிலை பிழைத்தவர்களிடம் எட்டு மடங்குக்கும் மேல். ஆறு மாதம் கழித்து "நல்லாத்தானே ஆச்சு, ஏன் இன்னும் எழுந்து நடக்க மாட்டேங்கறாரு" என்று அவரைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள்.

அளந்து பார்த்தபின் 'வேண்டாம்' என்று வருவதும் உண்டு. இதயம் தாங்காது, அல்லது நடையே இல்லை. அப்போது அசாசைட்டிடினும் வெனிட்டோகிளாக்ஸும் சேர்த்துக் கொடுக்கும் மருத்துவம் இருக்கிறது. முற்றிலும் குணமாக்காவிட்டாலும் வயதான அக்யூட் மைலாய்டு லுகேமியா நோயாளிகளின் நாள்களை நீட்டும் என்று 2020-இல் நிரூபணமானது. பணம்தான் தடை என்றாலும் அதைப் பணம் என்றே சொல்லுங்கள். லட்சக்கணக்கில் செலவு, வெட்கப்பட ஒன்றுமில்லை. 'வயசு' என்று நீங்கள் சொல்லிவிட்டால் நாங்கள் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுகிறோம். பணம் என்று சொன்னால் காப்பீட்டுத் திட்டம், அறக்கட்டளை என்று தேடிப் பார்க்க முடியும். எதுவானாலும் அவரை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே வராதீர்கள். நோய் அவருடையது, "எனக்கு வேண்டாம்" என்று சொல்ல உரிமை உள்ளவரும் அவர் ஒருவர்தான்.

எச்.எல்.ஏ. ரிசல்ட் வர நாளாகும். கொடையாளர் முடிவாக இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில்தான் பலர் அப்பாவைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறீர்கள். பிளேட்லெட் எவ்வளவு இருந்தால் நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காலையும் மாலையும் காரிடாரில் நடக்க விடுங்கள். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காரப் பழகட்டும். முட்டையோ பருப்போ மீனோ, வேளாவேளைக்குப் புரதம் போகட்டும். பல்லைக் காட்டிவிடுங்கள், சொத்தைப் பல் பின்னால் பெரிய தொற்றாகிவிடும். அடுத்த முறை டேப் ஒட்டிய இடத்தில் நடக்கச் சொல்லும்போது, தயவுசெய்து நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
வார்டில் உங்களோடு பேசும் ஆலோசகர்